பாறையில் எழுதிய தீர்ப்பு

எல்லோருக்கும் வணக்கம். இதழியல் படிக்கும் உங்கள் முன்னால் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அந்த விளையாட்டின் விதிகள் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு மனிதரைப் பற்றிய பழி ஒரே பகலில் எப்படி உண்மையின் இடத்தைப் பிடித்தது, அன்றைக்குப் பத்திரிகைகள் என்ன செய்தன என்பதுதான் என் பேச்சு.

2017 நவம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. டென்னசி மாநிலத்தின் நாக்ஸ்வில் நகரம். அங்குள்ள டென்னசி பல்கலைக்கழகம், தன் அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்குக் கிரெக் ஷியானோ என்பவரைத் தலைமைப் பயிற்சியாளராக எடுக்கப்போகிறது என்று பகலில் செய்தி வந்தது. அன்று இரவுக்குள் அந்த நியமனம் கைவிடப்பட்டது. அவரும் விளையாட்டுத் துறை இயக்குநர் ஜான் கரியும் ஒப்பந்தக் குறிப்பில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பல்கலைக்கழகத்தின் நாக்ஸ்வில் வளாகத் தலைவர் பெவர்லி டேவன்போர்ட் போடவில்லை.

அந்த ஊருக்கு இந்த அணி எவ்வளவு முக்கியம் என்று சொல்லியாக வேண்டும். அவர்களுடைய நேலண்ட் ஸ்டேடியத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் உட்காரலாம். ஆட்டம் உள்ள சனிக்கிழமையில் ஊரே ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். இப்படிப்பட்ட மாநிலங்கள் பலவற்றில், அரசுச் சம்பளப் பட்டியலில் முதலிடம் ஆளுநருக்கு அல்ல, கல்லூரி அணியின் பயிற்சியாளருக்குத்தான். டென்னசி கடைசியாகத் தேசிய சாம்பியன் ஆனது 1998-இல். அதற்குப் பிறகு ஒவ்வொரு புதிய பயிற்சியாளரும் நம்பிக்கையோடு வந்து ஏமாற்றத்தோடு போனார்கள். 2017-இல் அணி 4 ஆட்டங்களில் வென்று 8-இல் தோற்றது. தங்கள் அணிக் கூட்டமைப்புக்குள் 8 ஆட்டம் ஆடி எட்டிலும் தோல்வி. ஒரே பருவத்தில் 8 தோல்வி என்பது அந்த அணியின் வரலாற்றிலேயே முதல் தடவை. பட்ச் ஜோன்ஸ் என்ற பயிற்சியாளரை நவம்பர் நடுவில் வெளியேற்றினார்கள். அப்புறம் தொடங்கிய தேடலில், தொலைக்காட்சியில் வர்ணனை செய்துகொண்டிருந்த ஜான் க்ரூடன் வருவார் என்ற பேச்சு ஊர் முழுக்கப் பரவியிருந்தது. அவர் இளவயதில் டென்னசியில்தான் பயிற்சிப் பணியைத் தொடங்கினார். ஆகவே அவர் திரும்பி வருவார் என்று ரசிகர்கள் மனதார நம்பினார்கள்.

அந்த எதிர்பார்ப்பின் நடுவில் வந்த பெயர் ஷியானோ. அவரிடம் சாதனையே இல்லை என்று சொல்ல முடியாது. ரட்கர்ஸ் என்ற பலவீனமான அணியை எடுத்து, 2006-இல் 11 வெற்றி பெறவைத்தவர். ஆனால் அங்கே 11 ஆண்டுகளின் மொத்தக் கணக்கு 68 வெற்றி, 67 தோல்வி. தொழில்முறை லீகில் டாம்பா பே அணியோடு இருந்த இரண்டு பருவங்களில் 11 வெற்றி, 21 தோல்வி. 2017-இல் ஓஹையோ ஸ்டேட் அணியின் தடுப்பாட்டத்துக்கு அவர்தான் பொறுப்பு. அந்த மாதத் தொடக்கத்தில்தான் அந்த அணி அயோவாவிடம் 55 புள்ளிகள் விட்டுக்கொடுத்துத் தோற்றிருந்தது. எங்களுக்கு இவர் போதாது என்று டென்னசி ரசிகர் ஒருவர் சொன்னால், அதை யாரும் குறைசொல்ல முடியாது. டிக்கெட் வாங்குகிறவர்கள், நன்கொடை கொடுக்கிறவர்கள், வரி கட்டுகிறவர்கள் அவர்கள்தான். ரகசியமாக முடிவெடுத்த நிர்வாகத்தின் மேல் அவர்களுக்குக் கோபம் வந்ததும் நியாயம்தான்.

ஆனால் ஊர் எழுந்து நின்றது அந்தக் காரணத்தைச் சொல்லி அல்ல.

பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு பெரிய பாறை இருக்கிறது. பிறந்தநாள் வாழ்த்து, தேர்தல் கோஷம், ஆட்ட உற்சாகம் என்று மாணவர்கள் அதில் எதையாவது வண்ணம் பூசி எழுதுவது வழக்கம். அன்று அதில் எழுதியிருந்தது இதுதான்: பென் ஸ்டேட்டில் நடந்த குழந்தைப் பாலியல் வன்கொடுமையை ஷியானோ மூடிமறைத்தார். பென் ஸ்டேட் என்பது பென்சில்வேனியா மாநிலத்தின் பெரிய பல்கலைக்கழகம். ஸ்டேடியத்துக்கு வெளியே கூட்டம் கூடியது. மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்கள் சமூக ஊடகங்களில் கண்டனம் எழுதினார்கள். பாறையின் படம் நாடு முழுக்கப் போனது.

அந்தக் குற்றச்சாட்டு எங்கிருந்து வந்தது? பென் ஸ்டேட் அணியின் துணைப் பயிற்சியாளராகப் பல ஆண்டுகள் இருந்த ஜெர்ரி சாண்டஸ்கி, சிறுவர்களிடம் பாலியல் கொடுமை செய்தவர். 2011 நவம்பரில் கைதானார். 2012 ஜூனில் 45 குற்றங்களில் அவர் குற்றவாளி என்று தீர்ப்பானது. தெரிந்திருந்தும் சரியாக நடந்துகொள்ளாத நிர்வாகிகளும் நீதிமன்றத்துக்கு வந்தார்கள். பல்கலைக்கழகத்தின் முன்னாள் தலைவருக்கு எதிரான தீர்ப்பு வந்ததே 2017 மார்ச்சில்தான், அதாவது நான் சொல்லும் ஞாயிற்றுக்கிழமைக்கு எட்டு மாதம் முன்பு. பெரிய மனிதர்கள் வாய்மூடி இருந்தார்கள் என்பது அங்கே கற்பனை அல்ல, நிரூபணமான உண்மை. அந்த அணியோடு தொடர்புடைய எவரையும் மக்கள் சந்தேகத்தோடு பார்த்ததை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது.

ஷியானோ 1990-களின் முதல் பாதியில் அங்கே இளம் துணைப் பயிற்சியாளராக இருந்தார். அவர் பெயர் வழக்கில் வந்த விதத்தைக் கவனமாகக் கேளுங்கள். பென் ஸ்டேட்டுக்கும் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில் மைக் மெக்வேரி என்பவர் 2015-இல் வாக்குமூலம் கொடுத்தார். சாண்டஸ்கியின் கொடுமையை 2001-இல் தானே பார்த்ததாகச் சாட்சி சொன்னவர் அவர். ஷியானோவைப் பற்றி அவர் சொன்னதோ, தான் பார்த்தது அல்ல, ஷியானோவிடம் கேட்டதும் அல்ல. சாண்டஸ்கி ஒரு சிறுவனிடம் ஏதோ செய்வதைப் பல ஆண்டுகளுக்கு முன் ஷியானோ பார்த்துவிட்டுத் தன் அறைக்கு வந்ததாக டாம் பிராட்லி என்ற இன்னொரு பயிற்சியாளர் சொன்னார் என்றார் மெக்வேரி. மேல்விவரம் எதுவும் அவருக்குத் தெரியவில்லை. இந்த வாக்குமூலம் 2016 ஜூலையில் வெளியானது. பிராட்லி மறுத்தார். எந்தக் கொடுமையையும் பார்க்கவில்லை, சந்தேகப்படக் காரணமும் இருக்கவில்லை என்று ஷியானோ மறுத்தார். ஷியானோ மேல் யாரும் வழக்குப் போடவில்லை. 2012-இல் வெளியான விரிவான விசாரணை அறிக்கையிலும் அவர் பெயர் இல்லை.

ஒருவர் சொன்னதாக இன்னொருவர் சொன்னார் என்று மூன்றாமவர் சொன்ன பேச்சு அது. நடுவில் இருந்த இரண்டு பேருமே அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்கிறார்கள். இதை வைத்து ஒரு குற்றவியல் நீதிமன்றம் யாரையும் தண்டிக்காது. பாறை ஒரே வரியில் தண்டித்துவிட்டது. வாக்குமூலத்தில் கூட 'மூடிமறைத்தார்' என்ற குற்றச்சாட்டு இல்லை என்பதை நினைவில் வையுங்கள். அதில் உள்ளபடியே எடுத்துக்கொண்டாலும், அவர் தன்னைவிட மூத்த ஒருவரிடம் போய்ச் சொன்னார் என்றுதான் இருக்கிறது.

இப்போது பத்திரிகைகளுக்கு வருகிறேன், ஏனென்றால் நாளைக்கு அந்த இடத்தில் உட்காரப்போவது நீங்கள். அன்று மாலை இரண்டு வகை எழுத்து வந்தது. ஒன்று, பாறையையும் கூட்டத்தையும் படம் எடுத்துப் போட்டு, பென் ஸ்டேட் விவகாரத்தில் பெயர் அடிபட்டவர் என்று ஒரு வரியோடு நகர்ந்த செய்தி. அந்த ஒரு வரிக்குள் மூன்று கைமாறிய பேச்சும் இரண்டு மறுப்புகளும் காணாமல் போயின. இன்னொன்று, நாட்டின் பெரிய ஊடகங்களில் இருந்த பத்தி எழுத்தாளர்கள் பலர் எழுதியது: டென்னசி ரசிகர்கள் வெறிபிடித்த கும்பல், ஒரு நல்ல மனிதரை வேட்டையாடிவிட்டார்கள் என்று. இதில் பாதி உண்மை உண்டு. ஆனால் அங்கே கூடியவர்களில் குழந்தைகளின் பாதுகாப்பை நினைத்து உண்மையாகவே பதறியவர்கள் இருந்தார்கள். ஆட்டக் காரணங்களுக்காக எதிர்த்தவர்களும், நிர்வாகத்தின் மூடிய கதவின் மேல் கோபம் கொண்டவர்களும் இருந்தார்கள். இவர்கள் எல்லோருக்கும் ஒரே பெயர் சூட்டுவது செய்தியாளரின் வேலை அல்ல. திட்டப்பட்ட ரசிகர்கள் தங்கள் வாதத்தின் தவறான பகுதியையும் சேர்த்தே இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டார்கள்.

அன்று செய்ய வேண்டியிருந்தது மிகச் சாதாரணமான வேலை. வாக்குமூலத்தின் பக்கத்தை எடுத்து, யார் யாரிடம் சொன்னதாக யார் சொன்னார் என்பதை வரிசையாக எழுதி, மறுப்புகளையும் பக்கத்திலேயே வைத்திருக்கலாம். ஆவணம் வெளியாகி ஓராண்டுக்கும் மேல் ஆகியிருந்தது, யாருக்கும் எட்டாத ரகசியம் அல்ல. சிலர் செய்தார்கள். ஆனால் அதற்குள் பாறையின் படம் எல்லா ஃபோன்களுக்கும் போய்விட்டது. பல்கலைக்கழகமும் தன் பங்குக்குச் சொதப்பியது. ஷியானோவை நன்றாக விசாரித்தோம், அந்த அறிக்கையில் அவர் பெயர் இல்லை என்று இயக்குநர் ஜான் கரி விளக்கம் கொடுத்தது மறுநாள், எல்லாம் முடிந்த பிறகு. இந்தக் கேள்வி வரும் என்று தெரியாதவர்களா அவர்கள்? முதல் நாளே அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

எனக்கு இதில் மிகவும் வலிப்பது வேறு ஒன்று. சாண்டஸ்கியால் பாதிக்கப்பட்டவர்கள் உண்மையான மனிதர்கள். சிறுவயது வேதனையைச் சுமந்து நீதிமன்றத்தில் வந்து நின்றவர்கள். அவர்கள் அனுபவித்த கொடுமை, ஒரு பயிற்சியாளரைப் பிடிக்காத கூட்டத்தின் கையில் ஆயுதமாக மாறியது. ஷியானோ ரட்கர்ஸில் 100 ஆட்டம் வென்றிருந்தால் அதே பாறையில் அதே வரி வந்திருக்குமா? அவர் அதற்கு முன்பே இரண்டு பருவங்களாக ஓஹையோ ஸ்டேட்டில் இருந்தார். அங்கே இப்படி ஒரு கொந்தளிப்பு எழவில்லை.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சில நாட்களில் கரி பதவியிலிருந்து ஒதுக்கப்பட்டார். 1998-இல் கோப்பை வென்ற முன்னாள் பயிற்சியாளர் ஃபிலிப் ஃபுல்மர் அவர் இடத்துக்கு வந்தார். அவர் டிசம்பரில் ஜெரமி ப்ரூயிட்டை எடுத்தார். மாணவ வீரர்களைச் சேர்ப்பதில் விதிமீறல்கள் நடந்ததால் 2021 ஜனவரியில் ப்ரூயிட் நீக்கப்பட்டார். 2023-இல் பல்கலைக்கழகத்துக்கு 80 லட்சம் டாலருக்கு மேல் அபராதம். அவருக்குப் பின் வந்த ஜோஷ் ஹைபெல் காலத்தில் 2022-இல் அணி வலிமையான போட்டி அணியான அலபாமாவை 52-49 என்று வென்றது. ஷியானோ 2019 இறுதியில் ரட்கர்ஸுக்கே திரும்பிப் போனார்.

ஹைபெல் ஜெயித்ததால் ரசிகர்கள் அன்று செய்தது சரி என்று சிலர் வாதாடுகிறார்கள். ப்ரூயிட் சறுக்கியதால் அது தவறு என்று வேறு சிலர். இரண்டையும் நான் ஏற்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை எழுந்த கேள்வி யார் எத்தனை ஆட்டம் ஜெயிப்பார் என்பது அல்ல. இந்த மனிதர் ஒரு குழந்தைக்கு நடந்த கொடுமையைத் தெரிந்தே மறைத்தாரா என்பது. அந்தக் கேள்விக்கு அன்று கையில் இருந்த சான்று எவ்வளவு என்பதை, அன்று மாலையே வாசகருக்குச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் நம் தொழிலில் இருப்பவர்கள்.