தாயும் மகளும் நுழைந்த வாசல்

(கனடாவின் ஸ்காபரோவில், புதிதாக வந்த குடும்பங்களுக்குத் துணைநிற்கும் தொண்டர்களின் பயிற்சி நாளன்று ஆற்றிய உரை)

அவையில் கூடியிருக்கும் தொண்டர்களே, தாய்மாரே, அனைவருக்கும் வணக்கம்.

1986 ஓகஸ்ட் மாதத்தில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 தமிழரை மீனவர்கள் கரைசேர்த்த செய்தியை, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்தவர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் இங்கே வந்தவர்களில் எத்தனையோ பேருக்கு முதல் வேலையும் முதல் வாடகை அறையும் முதல் குளிர்ச்சட்டையும் முன்னரே வந்து சேர்ந்த ஒருவரின் கையால்தான் கிடைத்தன. இன்று அந்தக் கைகளின் இடத்தில் நம்முடைய அமைப்பைப் போன்றவை நிற்கின்றன. நம்மிடம் படிவங்கள் இருக்கின்றன, வகுப்புகள் இருக்கின்றன. ஆனால் ஒரு குடும்பத்தைப் புதிய ஊரோடு சேர்த்துவைப்பது என்றால் உண்மையில் என்ன என்ற கேள்வியை நாம் போதிய அளவு கேட்டுக்கொள்கிறோமா என்பது என் நெடுநாள் கவலை. அதற்காகவே உங்களைச் சிக்காகோ நகரின் ஹால்ஸ்டெட் தெருவுக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

1889 செப்டம்பரில் ஜேன் ஆடம்ஸ், எலன் கேட்ஸ் ஸ்டார் என்ற இரு பெண்கள் அந்தத் தெருவில் இருந்த ஒரு பழைய மாளிகையில் குடியேறினார்கள். சார்ல்ஸ் ஹல் என்பவர் 1856 இல் கட்டிய வீடு அது; ஆகவே அவர்கள் தொடங்கிய அமைப்புக்கு ஹல் ஹவுஸ் என்ற பெயர் நிலைத்தது. சுற்றிலும் இத்தாலியர், கிரேக்கர், ஜெர்மானியர், பொஹீமியர், ஐரிஷ்காரர், ரஷ்யாவிலிருந்தும் போலந்திலிருந்தும் வந்த யூதர்கள் எனப் பலரும் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தார்கள். பின்னர் அந்த வட்டாரத்தை வீடுவீடாகக் கணக்கெடுத்து வரைபடம் வரைந்தபோது 18 நாட்டவர் அங்கே இருந்தது தெரியவந்தது.

இலண்டனின் கிழக்குப் பகுதியில், படித்தவர்கள் ஏழைகளிடையே குடியிருந்து தொண்டு செய்த டொயின்பி ஹோல் என்ற இல்லத்தை ஆடம்ஸ் பார்த்துவிட்டு வந்திருந்ததால், அயலாருக்கு இலக்கியமும் ஓவியமும் கொடுக்கலாம் என்ற எண்ணத்தோடுதான் இருவரும் தொடங்கினார்கள். அயலார் கேட்டதோ வேறு. தாய்மார் தொழிற்சாலைக்குப் போகும் நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார்கள். அக்கம்பக்கத்தில் அவர்கள் முதலில் கண்ட உடற்குறையுள்ள மூன்று பிள்ளைகளுமே தாய் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் அந்த நிலைக்கு ஆளானவர்கள். ஒரு பிள்ளை மூன்றாம் மாடி யன்னலிலிருந்து விழுந்தது; இன்னொன்று தீயில் சுட்டுக்கொண்டது; மூன்றாவது பிள்ளையை மூன்று ஆண்டுகளாக நாள் முழுவதும் சமையலறை மேசையின் காலில் கட்டிவைத்திருந்ததால் அதன் முதுகெலும்பே வளைந்துவிட்டது. நண்பகலில் பக்கத்துத் தொழிற்சாலையிலிருந்து ஓடிவந்து தன் சாப்பாட்டைப் பங்கிட்டுக் கொடுக்கும் அண்ணன்தான் அந்தக் கட்டை அவிழ்த்துவிடுவான். அந்தத் தாயைக் கொடியவள் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? வேறு வழியில்லாத பாசம் அப்படித்தான் கட்டிவைக்கும். ஹல் ஹவுஸில் மழலையர் வகுப்பும் குழந்தைக் காப்பகமும் தோன்றிய கதை இதுதான்.

எல்லாம் சரியாக நடந்தன என்று நான் சொல்லவில்லை. சத்துள்ள மலிவான உணவை விஞ்ஞான முறைப்படி சமைத்து விற்கலாம் என்று ஒரு பொதுச் சமையலறையை அக்கறையோடு திறந்தார்கள். அயலார் அதை நாடவில்லை. சத்து இருக்கலாம், எனக்குப் பிடித்ததைத்தான் சாப்பிடுவேன் என்ற கருத்துப்பட ஒரு பெண் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். இந்தத் தோல்வியை ஆடம்ஸ் தம் தன்வரலாற்றில் மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறார். வந்தவர்களுக்கு எது நல்லது என்பதை அவர்களைக் கேளாமலே முடிவுசெய்யும் பழக்கம் நம்மிடமும் இருப்பதால் இதைச் சொல்கிறேன்.

குப்பையின் கதை இதைவிட ஆழமானது. சொந்தக் கிராமத்தில் வாசலைக் கூட்டித் தள்ளினால் வெயிலும் காற்றும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். நெருக்கமான நகரத்தில் அதே குப்பை அள்ளப்படாமல் கிடந்தால் பிள்ளைகள் நோயில் விழுவார்கள். இதை அயல்வீட்டுப் பெண்களிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னதோடு ஹல் ஹவுஸ் நின்றுவிடவில்லை. அங்கே கூடிய பெண்கள் தாங்களே சந்துசந்தாக நடந்து பார்த்து, இரண்டே மாதங்களில் 1,037 விதிமீறல்களைச் சுகாதாரத் திணைக்களத்துக்கு எழுதி அனுப்பினார்கள். 1895 இல் அந்த வட்டாரத்தின் குப்பைக் கண்காணிப்பாளர் பதவி ஆடம்ஸுக்கே வந்தது. காலை ஆறு மணிக்கு எழுந்து குப்பை வண்டிகளின் பின்னால் போனார். வந்தவர்கள் ஊரின் பழக்கத்தைக் கற்க வேண்டும் என்று சொல்லும் உரிமை, ஊர் தன் கடமையைச் செய்யும்படி மன்றாடுபவருக்கே உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தொழிற்சாலைகளிலிருந்து விலக்கிய 1893 ஆம் ஆண்டு இலினோய் சட்டத்தின் பின்னாலும் ஹல் ஹவுஸில் தங்கியிருந்த ஃபுளோரன்ஸ் கெலியின் உழைப்பு இருந்தது.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலம் கற்றார்கள், தொப்பி வாங்கினார்கள், அமெரிக்கராக மாறினார்கள். அந்த வேகத்திலேயே தாய் தந்தையரைப் பார்த்து வெட்கப்படவும் கற்றார்கள். ஒருநாள் போக் தெருவில் நடந்துபோன ஆடம்ஸ், வயதான இத்தாலியப் பெண் ஒருவர் வாசற்படியில் வெயிலில் அமர்ந்து கைக்கதிரைச் சுழற்றி நூல் நூற்பதைக் கண்டார். அந்தக் காட்சி அவரை விடவில்லை. தேடிப் பார்த்தால் அதே சுற்றுப்புறத்தில் கையால் நூற்கும் முறைகள் நான்கும், இராட்டையோடு கூடிய முறைகள் மூன்றும் உயிரோடு இருந்தன. அந்த ஏழையும் வரிசைப்படுத்தி, இன்றைய நூற்பாலை வரை தொடர்பு காட்டி, 1900 இல் தொழில் அருங்காட்சியகம் ஒன்றை ஹல் ஹவுஸ் திறந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் பொருள்களை அடுக்காமல், அந்தத் தாய்மாரையே அழைத்து அவையோர் முன்னிலையில் நூற்கச் சொன்னார்கள்.

அங்கே சனிக்கிழமை மாலைகளில் சமையல் வகுப்புக்கு வந்த இத்தாலியச் சிறுமி ஒருத்தியைப் பற்றி ஆடம்ஸ் எழுதுகிறார். அவளுடைய தாய் அருங்காட்சியகத்தில் நூற்க வருபவர். தாயை முன்வாசலில் விட்டுவிட்டு, மகள் சுற்றிப்போய்ப் பக்கவாசலால் நுழைவாள். தலையில் துணி, காலில் முரட்டுச் சப்பாத்து, குட்டைப் பாவாடை. இந்தக் கோலத்தில் இருப்பவர் தன் அம்மா என்பதைத் தோழியர் அறியக் கூடாது. ஒரு மாலை, ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியினர் அந்தத் தாயைச் சூழ்ந்து நின்று வியந்துகொண்டிருப்பதைச் சிறுமி கண்டாள். அமெரிக்காவிலேயே கைக்கதிரில் நூற்பதில் சிறந்தவர் தன் தாய்தானா என்று ஆடம்ஸிடம் போய்க் கேட்டாள். அவர் அந்தத் தாய் வாழ்ந்த கிராமத்தைப் பற்றியும், அதைப் பிரிந்து இந்த நகரத்துக்கு வந்ததில் அவர் இழந்தவற்றைப் பற்றியும் மகளுக்கு விளக்கினார். அதன் பிறகு, கட்டிலுக்கு அடியில் பெட்டிக்குள் ஒளித்துவைத்திருந்த கைத்தறி உடைகளை வெளியே எடுக்க மகள் தாய்க்கு இடம்கொடுத்தாள். தாய் வரும் அதே வாசலால் தானும் வரத் தொடங்கினாள்.

இதைப் படித்த நாளில் எனக்கு இங்கே நேர்ந்த ஒன்று நினைவுக்கு வந்தது. ஒரு தாய்க்குத் துணையாக வைத்தியரிடம் போயிருந்தேன். நான் அறைக்கு வெளியே நிற்க வேண்டியிருந்தது, கதவு முழுவதும் மூடப்படவில்லை. மாதவிடாய்க் கோளாறு பற்றி வைத்தியர் கேட்டதை அந்தத் தாயின் 11 வயது மகன் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. அவன் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அம்மா, வயிற்று நோ எப்ப தொடங்கினது எண்டு கேக்கிறார்" என்றான். தாய்க்குப் புரிந்துவிட்டது, அவர் தலையைக் குனிந்துகொண்டார். அன்று அந்தப் பையன் தாயின் இடத்தில் நின்றான், தாய் பிள்ளையின் இடத்துக்கு இறங்கினார். இப்படி நூறு முறை நடந்த வீட்டில், பக்கவாசல் தானாகவே திறந்துகொள்ளும். உள்ளே போய்ப் பேச்சை நான் ஏற்றிருக்க வேண்டும்; ஏற்கவில்லை என்பது இன்றும் உறுத்துகிறது.

ஹல் ஹவுஸ் பிற்காலத்தில் நகரம் முழுவதும் பரந்து, பெரும்பாலும் அரசாங்கப் பணத்தை நம்பி இயங்கும் நிலைக்கு வந்து, நிதி நெருக்கடியால் 2012 ஜனவரியில் அதன் சேவைகளை மூடிவிட்டது. பழைய கட்டடங்களில் இரண்டு மட்டும் அருங்காட்சியகமாக நிற்கின்றன. ஆகவே நம் செலவுக் கணக்கைப் பற்றிய பேச்சைப் பிற்பகல் அமர்வில் தயவுசெய்து தட்டிக்கழிக்காதீர்கள்.

என் வேண்டுகோள்கள் இரண்டு. வைத்தியர், பள்ளி, வாடகை தொடர்பான சந்திப்புகளில் பிள்ளைகளை மொழிபெயர்க்க விடும் வழக்கத்தை நம் அமைப்பு இந்த மாதத்தோடு நிறுத்த வேண்டும். அதற்கு வார நாள்களில் இரண்டு மணி நேரம் தரக்கூடிய பெரியவர்கள் பன்னிரண்டு பேர் தேவை. அடுத்தது, சனிக்கிழமைகளில் பிள்ளைகளின் வீட்டுப்பாட வகுப்பு நடக்கும் அதே மண்டபத்தில், அதே நேரத்தில், தாய்மார் தாம் அறிந்த தையலையோ ஓலை பின்னும் பன்னவேலையையோ பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஒரு மேசையைப் போட வேண்டும். பனையோலை கிடைக்காது என்கிறார்கள். கடைகளில் கிடைக்கும் நாடாவில் பின்னிக் காட்டலாம் என்று ஓர் அம்மா நேற்றே சொல்லிவிட்டார். பெயர் கொடுக்க விரும்புவோருக்காகப் பதிவேடு வாசலருகே உள்ள மேசையில் இருக்கிறது. நன்றி, வணக்கம்.