பதம் தெரிந்த புழு

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஊர் ஆந்திராவில், குப்பம் என்ற ஊருக்குப் பக்கம். பஸ் ஏறினால் இந்தப் பக்கம் கிருஷ்ணகிரி, அந்தப் பக்கம் பலமநேர். வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு. எங்கள் கூடத்தில் பாதி இடம் பட்டுப்புழுவுக்குத்தான்.

பழுத்த, அதாவது கூடு கட்டத் தயாரான புழுக்களைச் சந்திரிகை என்னும் மூங்கில் தட்டில் விடும் நாளில் ஒன்று கீழே விழுந்து நசுங்கிவிட்டது. ஆயா அதை எறியவில்லை. உள்ளிருந்து வழிந்த பிசுபிசுப்பான பாகை விரல் நுனியில் தொட்டு, "இங்க பாரு கண்ணு" என்று மெதுவாக இழுத்தாள். ஒரு முழம் நூல் வந்தது. அதை நான் தண்ணீர்ச் சொம்பில் போட்டுப் பார்த்தேன், கரையவில்லை. சற்று முன் பாகாக இருந்தது இப்போது ஏன் கரைய மாட்டேன் என்கிறது? ஆயாவிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியோடுதான் நான் ஆய்வகம் வரை வந்தேன்.

பட்டின் முக்கியப் புரதம் ஃபைப்ராயின். அதன் பெரிய சங்கிலியில் 5,000க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் உண்டு. ஆனால் பெரும்பாலும் ஒரே பல்லவிதான்: கிளைசின், அலனின், கிளைசின், அலனின், கிளைசின், செரின். எல்லாமே உருவத்தில் சிறியவை. அதனால் சங்கிலிகள் நெருங்கிப் படுத்து, ஹைட்ரஜன் பிணைப்பால் கோத்துக்கொண்டு தகடாகின்றன. தகடுகள் வெற்றிலைக் கவுளிபோல் ஒன்றன்மேல் ஒன்று அடுக்காகின்றன. இதைப் பீட்டா தகடு என்கிறோம். அந்த அடுக்குக்குள் தண்ணீர் நுழைய இடமில்லை.

ஆனால் எனக்கு இதைவிடப் பெரிய அதிசயம், அவை முன்கூட்டியே கட்டிக்கொள்ளாமல் இருப்பதுதான். சுரப்பியில் புரதம் 25 சதவீத அளவுக்கு இருக்கிறது. அவ்வளவு நெருக்கத்திலும் பாகாகவே காத்திருக்கிறது. வாய்ப்பக்கம் போகப் போக அமிலத்தன்மை கொஞ்சம் ஏறுகிறது, குழாய் குறுகுகிறது, புழு தலையை எட்டு போட்டு ஆட்டி இழுக்கிறது. அப்போதுதான் நூல். புளிப்பு ஏறினால் பால் உறைகிறதல்லவா, அது மாதிரி. ஆனால் பால் கண்டபடி உறையும், இது வரிசை பிடித்து உறைகிறது.

இந்தப் பதத்தைத்தான் நாங்கள் சின்னஞ்சிறு பெப்டைடுகளில், அதாவது குட்டையான அமினோ அமிலச் சங்கிலிகளில், எழுதிப் பார்க்கிறோம். பல்லவியில் செரின் இருக்கும் இடத்தில் குளுட்டாமிக் அமிலத்தை வைத்தால், சாதாரண நீரில் அது எதிர்மின்னேற்றம் பெறும். சங்கிலிகள் ஒன்றையொன்று தள்ளிவிடும். கொஞ்சம் அமிலம் சேர்த்தால் ஏற்றம் போய், தாமாக இழைகளாகக் கூடும். ஹிஸ்டிடினை வைத்தால் தலைகீழ்: அமிலத்தில் விலகி நிற்கும், அமிலத்தன்மையைச் சொல்லும் பிஎச் அளவு நம் ரத்தத்தில் இருப்பதுபோல் 7.4க்கு வந்ததும் சேரும். ஒரே ஓர் எழுத்தை மாற்றியதற்கு இவ்வளவு வித்தியாசம்! இழைகள் வலைபோல் பின்னி நீரைப் பிடித்துவைத்தால், கூழ் (ஜெல்) தயார். அதை ஊசி வழியாகக் காயத்தில் விட வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை.

இது வெறும் ஆசை இல்லை. ராடா16 என்று ஒரு பெப்டைடு. 16 அமினோ அமிலங்கள்தான். ஈஸ்ட் புரதம் ஒன்றில் கண்ட துண்டிலிருந்து அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஷுகுவாங் சாங் என்ற விஞ்ஞானி தொடங்கிய வழியில் வந்தது. பட்டுக்கு உறவில்லை, ஆனால் அதே பீட்டா தகடு வித்தை. ரத்தம் பட்டதும் கூழாகிவிடும். அறுவைச் சிகிச்சையில் ரத்தக் கசிவை நிறுத்த மருத்துவர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

என் கதைக்கு வருகிறேன். நாங்கள் கண்டுகொள்ளும் முறை மிக எளிது. சிறு குப்பியைக் கவிழ்க்க வேண்டும். ஒழுகினால் கரைசல், நின்றால் கூழ். முதல் இரண்டு வருடம் என் குப்பிகள் தப்பான நேரத்தில்தான் நின்றன. சாயங்காலம் கரைத்து வைப்பேன், காலையில் வந்தால் ஊசிக்குள் ஏறாத கட்டி. உறைய வைப்பது சுலபம், உறையாமல் காக்க வைப்பதுதான் கஷ்டம் என்று அப்போதுதான் உறைத்தது. பல்லவியைக் குறைத்தேன், இடையில் நீரை விரும்பும் துண்டுகளைச் சேர்த்தேன். அப்புறம் ஒருநாள் இரவெல்லாம் தண்ணீராகவே கிடந்த குப்பியில், காலையில் பிஎச்சை 7.4க்குக் கொண்டுவந்து கவிழ்த்தேன். ஒழுகவில்லை. மேசைமேல் அப்படியே கவிழ்த்து வைத்துவிட்டு, மத்தியானம் வரை போய்ப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி, காயத்தில் செல்கள் அதைப் பிடித்துக்கொண்டு வளர வேண்டும், வளர்ந்த பிறகு அது கரைந்தும் போக வேண்டும். அந்த எழுத்துகளைத்தான் இப்போது மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.