நார்வே அரச வம்சம்: அப்பா யார் என்று இரும்பைக் கேட்ட கதை

[திரையில்: கனன்று கொண்டிருக்கும் உலை. இடுக்கியால் வெளியே எடுக்கப்படும் இரும்புத் துண்டு.]

1218ஆம் ஆண்டு. நார்வேயின் மேற்குக் கரையில் உள்ள பெர்கன் நகரம். இங்கா என்ற பெண் பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கையில் ஏந்துகிறாள். அவள் எந்தக் குற்றமும் செய்யவில்லை. அவள் மகன் ஹாகோனுக்கு 14 வயதுதான் இருக்கும். போன வருடமே அவனை ராஜாவாக ஏற்றுக்கொண்டாகிவிட்டது. ஆனாலும் சிலருக்குச் சந்தேகம் தீரவில்லை: இவன் உண்மையிலேயே செத்துப்போன ராஜாவின் பிள்ளைதானா?

கையில் கட்டுப் போட்டார்கள். பிறகு பிரித்துப் பார்த்தார்கள். காயம் சுத்தமாக இருந்ததாம். கடவுளே சாட்சி சொல்லிவிட்டார், வழக்கு முடிந்தது.

இணையத்தில் நார்வே ராஜாக்களின் வம்ச வரைபடத்தைத் தேடினால், மேலே ஒரு ஹரால்டிலிருந்து கீழே வரை கோடு போட்டுக் காட்டுவார்கள். அந்தக் கோட்டில் எத்தனை இடத்தில் இப்படிச் சூடு பட்டிருக்கிறது என்று பார்ப்போம்.

[திரையில்: வம்ச மரம். உச்சியில் ஹரால்ட் ஹோர்ஃபாக்ரே.]

ஹோர்ஃபாக்ரே என்றால் அழகான முடிக்காரர். சுமார் 872இல் ஹாஃப்ர்ஸ்ஃபியோர்ட் என்ற இடத்தில் கடற்போரில் ஜெயித்து நார்வேயை ஒன்றாக்கியவர் என்று சொல்வார்கள். சொல்வார்கள் என்று ஏன் இழுக்கிறேன் என்றால், அவரைப் பற்றி விரிவாகப் பேசும் கதைகள் ஐஸ்லாந்தில் எழுதப்பட்டது சுமார் 300 வருடம் கழித்து. அவருக்குப் பின்னால் வந்த பெரிய ராஜாக்கள் எல்லோரையும் அந்தக் கதைகள் எப்படியோ அவருடைய பிள்ளைகளில் ஒருவரோடு முடிச்சுப் போட்டுவிடுகின்றன. 1030இல் ஸ்டிக்லஸ்டாட் போரில் இறந்து புனிதரான ஓலாவ் ஒரு மகன் வழியாம். 1066இல் இங்கிலாந்தைப் பிடிக்கப் போய் ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜில் இறந்த ஹரால்ட் ஹார்ட்ரோடே இன்னொரு மகன் வழியாம். இந்த இருவருக்கும் அம்மா ஒருத்திதான், ஓஸ்தா; அப்பாக்கள் வேறு. அவர்களுக்கு மேலே போகும் கோட்டை இன்றைய வரலாற்றாசிரியர்கள் பலர் நம்புவதில்லை. நானும் அதைப் பென்சிலில்தான் போடுவேன்.

ஓலாவின் மகன் கதை எனக்குப் பிடித்த ஒன்று. வேலைக்காரி ஆல்ஃப்ஹில்டுக்குப் பிறந்த குழந்தை, பிழைக்குமா என்றே தெரியாத நிலை. நடுராத்திரியில் ராஜாவை எழுப்ப யாருக்கும் தைரியமில்லை. அரசவைக் கவிஞர் சிக்வாட்டே ஞானஸ்நானத்துக்குப் பெயர் வைத்தார்: மாக்னஸ். காலையில் ராஜா கோபித்துக்கொண்டார், இது நம் குடும்பத்துப் பெயரே இல்லையே என்று. உலகத்திலேயே சிறந்த அரசர் சார்லமேன், அவருடைய பட்டத்தை வைத்தேன் என்றார் கவிஞர். சார்லமேனை லத்தீனில் கரோலஸ் மாக்னஸ் என்பார்கள்; மாக்னஸ் என்றால் பெரியவர். அந்தக் குழந்தை பிழைத்து, 1035இல் ராஜாவாகி, அதன் பிறகு மாக்னஸ் என்பது அந்த வம்சத்தின் சொந்தப் பெயர் போலவே ஆகிவிட்டது.

வேலைக்காரியின் மகன் எப்படி ராஜா? இங்கேதான் சிக்கலின் முடிச்சு இருக்கிறது. அன்றைய நார்வேயில் ராஜாவின் மகன் என்றால் போதும். மூத்தவனா இளையவனா, கல்யாணத்தில் பிறந்தவனா வெளியே பிறந்தவனா என்று பார்ப்பதில்லை. மக்கள் கூடும் திங் என்ற சபை ஏற்றுக்கொண்டால் அவன் ராஜா. குடும்பப் பெயரும் கிடையாது. அப்பா பெயரோடு 'மகன்' என்று சேர்த்தால் அதுதான் முழுப்பெயர். 1103இல் மாக்னஸ் பார்ஃபுட் என்ற இன்னொரு ராஜா அயர்லாந்தில் கொல்லப்பட்டபோது, மூன்று தாய்களுக்குப் பிறந்த அவருடைய மூன்று மகன்களும் ஒரே சமயத்தில் ராஜாவானார்கள்.

அப்புறம் அயர்லாந்திலிருந்து ஒருவன் வந்தான். பெயர் ஹரால்ட் கில்லே. நார்வே மொழியே தடுமாறித்தான் பேசுவான். நானும் மாக்னஸ் பார்ஃபுட்டின் மகன் என்றான். மூன்று பேரில் அப்போது மிஞ்சியிருந்தவர் சிகுர்ட், ஜெருசலேம் வரை கப்பலில் போய் வந்தவர். சரி, நிரூபி என்றார். பழுக்கக் காய்ச்சிய ஒன்பது ஏர்க் கொழுமுனைகளை வரிசையாகப் போட்டு, வெறுங்காலில் நடக்க வைத்தார்கள். தேறிவிட்டான். ஆனால் நானோ என் மகனோ உயிரோடு இருக்கும்வரை பட்டம் கேட்கக்கூடாது என்று சிகுர்ட் முன்பே சத்தியம் வாங்கியிருந்தார்.

1130இல் சிகுர்ட் போனார். சத்தியமும் போனது. 1135இல் சிகுர்டின் மகன் மாக்னஸைப் பிடித்துக் கண்ணைக் குருடாக்கி மடத்தில் தள்ளினான் ஹரால்ட். அடுத்த வருடமே பெர்கனில் ஹரால்டையும் ஒருவன் கொன்றான். கொன்றவன் என்ன சொன்னான் தெரியுமா? நானும் மாக்னஸ் பார்ஃபுட்டின் மகன்!

இந்தத் தாயாதிச் சண்டை 1240 வரை ஓயவில்லை. 1163 வாக்கில் திருச்சபை உதவியோடு சட்டம் போட்டார்கள்: முறையாகப் பிறந்த மூத்த மகனுக்கே முன்னுரிமை. அதோடு மாக்னஸ் எர்லிங்சொன் என்ற சிறுவனுக்கு முடிசூட்டினார்கள். ஆனால் அவனுக்கு அரச ரத்தம் அம்மா வழியில்தான். அப்போது ஃபாரோ தீவுகளிலிருந்து ஸ்வெர்ரே என்ற பாதிரியார் வந்து, என் அப்பா ஹரால்ட் கில்லேயின் மகனான 'சிகுர்ட் முன்' என்ற ராஜா, அம்மா இதை ரொம்ப நாள் மறைத்துவிட்டார் என்றார். ஸ்வெர்ரே சூடு எதையும் ஏந்தவில்லை. 1184இல் ஃபிம்ரைட்டே கடற்போரில் மாக்னஸைத் தோற்கடித்துக் கொன்றார். தன் கதையை மடாதிபதி ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து எழுதவும் வைத்தார். அவருடைய பிறப்புக்கு நம்மிடம் உள்ள முக்கிய சாட்சி அந்தக் கதைதான்!

[திரையில்: பனிமலை. பனிச்சறுக்கில் இருவர், ஒருவர் கையில் குழந்தை.]

இங்காவின் மகன் ஹாகோன், இந்த ஸ்வெர்ரேயின் பேரன். அப்பா இறந்து சில மாதம் கழித்துப் பிறந்தவன். 1206இல், 2 வயதுகூட நிரம்பாத அவனை எதிரிகளிடமிருந்து காப்பாற்ற, ஸ்வெர்ரேயின் பழைய படையான பிர்க்கபைனர்கள் பனிச்சறுக்கிலேயே மலை தாண்டித் தூக்கிப் போனார்கள். இன்றும் அதன் நினைவாக ரேனாவிலிருந்து லில்லஹாமர் வரை பந்தயம் நடக்கிறது. ஒவ்வொருவர் முதுகிலும் குழந்தைக்குப் பதிலாக 3.5 கிலோ மூட்டை.

ஹாகோனுக்குக் கடைசிப் போட்டியாளர் சொந்த மாமனார் ஸ்கூலே. 1240இல் அவரும் கொல்லப்பட்டார். 1247இல் போப்பின் தூதராக வந்த கார்டினல் வில்லியம் ஹாகோனுக்கு முடிசூட்டினார். கல்யாணத்துக்கு வெளியே பிறந்தவன் என்ற குறையை நீக்கப் போப் முன்பே தனி அனுமதி கொடுத்திருந்தார். அதே கார்டினல், இனி யாரும் சூட்டு இரும்பு ஏந்தக்கூடாது என்றும் தடை போட்டுவிட்டுப் போனார். 1260இல் ஹாகோனே பட்டம் முறையாகப் பிறந்த மூத்த மகனுக்கு என்று சட்டமாக்கினார்.

அதற்கப்புறம் சண்டை இல்லை. ஆனால் ஆண் வாரிசும் இல்லாமல் போனது. 1319இல் ஐந்தாம் ஹாகோன் இறந்தபோது பட்டம் மகள் வயிற்றுப் பேரனுக்குப் போனது. 3 வயதான அந்த மாக்னஸே ஸ்வீடனுக்கும் ராஜா. அவருடைய பேரன் ஓலாவ் டென்மார்க்குக்கும் நார்வேக்கும் ராஜாவாகி 1387இல் இளம் வயதிலேயே இறந்தார். பிறகு பல நூற்றாண்டுகள் நார்வேக்குத் தனி ராஜா கிடையாது.

[திரையில்: 1905, கிறிஸ்டியானியா (இன்றைய ஓஸ்லோ) துறைமுகம்.]

1905இல் ஸ்வீடனிடமிருந்து பிரிந்த நார்வே, டென்மார்க் இளவரசர் கார்லை வாக்கெடுப்பு நடத்தி ராஜாவாக்கியது. அவர் தன் பெயரை ஹாகோன் என்று மாற்றிக்கொண்டார். 1380இல் இறந்த ஆறாம் ஹாகோனுக்கு அடுத்த எண்ணாக ஏழாம் ஹாகோன். மகன் அலெக்சாண்டருக்கு ஓலாவ் என்று புதுப் பெயர். நவம்பரில், பனி கொட்டிக்கொண்டிருக்க, அவர் நார்வேயில் வந்து இறங்கினார். கையில் 2 வயது ஓலாவ்.