காவடிப் படம் தாள்ல ஏன் சிவந்து போகுது? பிரிண்டர் புரொஃபைல் பற்றிய சந்தேகத்துக்கு விளக்கம்

சிங்கப்பூர் உட்லண்ட்ஸிலிருந்து ஒரு நேயர் கேட்டிருக்காங்க: "தைப்பூசக் காவடிப் படங்களை விண்டோஸ் கம்ப்யூட்டர்ல, போட்டோஷாப் வழியா, வீட்டு எப்சன் பிரிண்டர்ல அச்செடுக்கிறேன். ஸ்கிரீன்ல நல்லா இருக்கு, தாள்ல முகமெல்லாம் சிவப்படிக்குது. பிரிண்டர் புரொஃபைல் பெட்டியில எஸ்ஆர்ஜிபி வைக்கணுமா, அடோபி ஆர்ஜிபியா?"

ரெண்டுமே வேண்டாம். அந்த ரெண்டும் படத்தோட ஃபைல்ல இருக்கிற நிறத்தைச் சொல்றவை. அந்தப் பெட்டி கேக்கிறது உங்க பிரிண்டரைப் பத்தி. பிரிண்டர் புரொஃபைல்ங்கிறது ஒரு மாடல், அதோட இங்க், ஒரு வகைப் பேப்பர், இந்த மூணும் சேர்ந்து என்ன நிறம் தருதுன்னு கருவி வச்சு அளந்து எழுதின ஃபைல். ஒருத்தருக்கு எடுத்த ரவிக்கை அளவு இன்னொருத்தருக்குச் சேராத மாதிரிதான், மூணுல ஒண்ணு மாறினாலும் அந்த அளவு செல்லாது. விலை குறைவுன்னு வேற கம்பெனி இங்க் ஊத்தியிருந்தீங்கன்னா, எப்சன் கொடுத்த புரொஃபைல் உங்களுக்கு உதவாது.

ஆனா புரொஃபைலைத் தொடுறதுக்கு முன்னாடி நாஸில் செக் (இங்க் வர்ற துளைகள் அடைச்சிருக்கான்னு காட்டுற சோதனைக் கோடுகள்) ஒண்ணு அடிச்சுப் பாருங்க. சயான், அதாவது பச்சை கலந்த நீல இங்க் கோட்டுல இடைவெளி இருந்தா படம் சிவக்கத்தான் செய்யும், எந்த புரொஃபைலாலும் அதைத் திருத்த முடியாது. கோடெல்லாம் முழுசா வந்த பிறகுதான் அடுத்த வேலை.

இப்போ சரியான புரொஃபைல். எப்சன் பேப்பர்னா டிரைவரோடவே (பிரிண்டரை இயக்குற சாஃப்ட்வேர்) வந்திருக்கும். பட்டியல்ல பிரிண்டர் மாடலும் பேப்பர் பேரும் சேர்ந்து இருக்கிறதைத் தேடுங்க. ஹானமூலே, கான்சன் மாதிரி பேப்பர்னா அவங்க இணையப் பக்கத்துல உங்க மாடலுக்குன்னு இருக்கிற ஐசிசி ஃபைலை (புரொஃபைல் ஃபைலோட வகைப் பேர்) இறக்கி, ரைட் கிளிக் பண்ணி 'இன்ஸ்டால் புரொஃபைல்' கொடுங்க. விண்டோஸ் 11ல அது 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்'க்குள்ள ஒளிஞ்சிருக்கும். போட்டோஷாப்பை மூடித் திறந்தாத்தான் பட்டியல்ல வரும். சின்ன வீட்டு மாடல்களுக்கு எல்லாப் பேப்பருக்கும் புரொஃபைல் கிடைக்காது. அப்படின்னா பிரிண்டர் கம்பெனியோட பேப்பரையே வாங்கிடுங்க, தலைவலி மிச்சம்.

அடுத்ததுதான் முக்கியம், நேயரோட சிவப்புக்கு இதுதான் காரணமா இருக்க வாய்ப்பு அதிகம். நிறத்தை மாத்துற வேலையை ஒரே இடம்தான் செய்யணும். போட்டோஷாப் பிரிண்ட் பெட்டியில 'போட்டோஷாப் மேனேஜஸ் கலர்ஸ்' வச்சு, புரொஃபைலையும் தேர்ந்தெடுத்துட்டு, டிரைவரை அப்படியே விட்டீங்கன்னா போட்டோஷாப் ஒருமுறை மாத்தும், டிரைவர் இன்னொருமுறை மாத்தும். ரெண்டு தடவை திருத்தினா முகம் சிவப்பு, மெஜந்தா பக்கம் ஓடிடும். அதனால 'பிரிண்ட் செட்டிங்ஸ்' திறந்து, 'கலர் கரெக்‌ஷன்'ல 'கஸ்டம்' போய் 'நோ கலர் அட்ஜஸ்ட்மென்ட்' வையுங்க. மாடலுக்கு மாடல் இடம் கொஞ்சம் மாறும். கேனன்ல இதையே 'மேட்சிங்' பகுதியில 'கலர் கரெக்‌ஷன்: நன்'னு போட்டிருப்பாங்க.

அதே பெட்டியில பேப்பர் வகையையும் பாருங்க. டிரைவர் அதை வச்சுத்தான் எவ்வளவு இங்க் விடணும்னு முடிவு பண்ணும். புரொஃபைல் கிளாஸிக்கு இருந்து, டிரைவர்ல 'பிளெயின் பேப்பர்'னு கிடந்தா அளந்த கணக்கே தப்பு. சில மாடல்ல கறுப்பு இங்க்கே மாறி, தாள்ல ஒட்டாம கையில ஈஷிக்கும்.

பிரிண்டரால தர முடியாத நிறத்தை என்ன பண்ணணும்னு சொல்றதுதான் 'ரெண்டரிங் இன்டென்ட்'. அதுல ரெண்டுதான் நமக்கு வேணும். ஆள் முகப் படத்துக்கு 'ரெலட்டிவ் கலரிமெட்ரிக்', கூடவே இருட்டுப் பகுதியோட நுணுக்கத்தைக் காக்கிற 'பிளாக் பாயின்ட் காம்பென்சேஷன்' டிக். காவடி வேற விஷயம். மயிலிறகு நீலம், மஞ்சள் வேட்டி, ஆரஞ்சுப் பூவெல்லாம் பிரிண்டர் எட்டாத அளவுக்கு அடர்த்தி. ரெலட்டிவ்ல அந்த நிறங்கள் எல்லை ஓரத்துல வெட்டுப்பட்டு, துணி மடிப்பு தெரியாம ஒரே திட்டா ஆகும். 'பெர்செப்சுவல்' வச்சா எல்லா நிறத்தையும் சேர்த்து இறுக்கும். அடர்த்தி கொஞ்சம் குறையும், ஆனா மடிப்பும் இறகோட நுணுக்கமும் பிழைக்கும். எனக்கு இந்த மாதிரிப் படத்துக்கு அதுதான் பிடிக்கும். 'வியூ'ல 'ப்ரூஃப் செட்டப், கஸ்டம்' போய் அதே புரொஃபைலை வச்சு ரெண்டையும் மாத்தி மாத்திப் பாருங்க, தாள் செலவில்லாம வித்தியாசம் தெரியும்.

ஆனா அந்தப் பார்வையை நம்பணும்னா ஸ்கிரீன் சரியா இருக்கணும். பிரகாசத்தை முழுசா ஏத்தி வச்சுட்டு, அச்சு இருட்டா வருதுன்னு சொல்றவங்க நிறைய. ஸ்கிரீன் அளக்கிற கருவி வாங்க முடிஞ்சா வெள்ளையோட நிறம் 6500 கெல்வின், காமா (நடுத்தர வெளிச்சத்தோட அளவு) 2.2, பிரகாசம் சதுர மீட்டருக்கு 100 கேண்டலா பக்கம் வையுங்க. காசு செலவழிக்கிறதா இருந்தா முதல்ல இதுக்குத்தான்.

சோதனைக்கு முழு ஏ4 வேண்டாம், 4ஆர் தாள் போதும். வந்த உடனே தீர்ப்பு சொல்லாதீங்க. இங்கே காத்துல ஈரம் அதிகம், இங்க் மெதுவாத்தான் காயும். ஒரு நாள் விட்டு, பகல்ல ஜன்னல் பக்கம் வச்சுப் பாருங்க. ஹால்ல மஞ்சள் விளக்கு போட்டிருந்தா நல்ல அச்சும் சிவந்துதான் தெரியும். மிச்சத் தாளை அதோட கவர்லயே போட்டு, சிலிகா ஜெல் பொட்டலத்தோட மூடி வச்சிடுங்க.