ஊற்றின் மேல் மேடு கட்டாதீர்

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, மேடையை அலங்கரிக்கும் மண்ணியல், சுரங்கவியல் பேராசிரியப் பெருமக்களே, மழையையும் பாராமல் வந்திருக்கும் தாய்மார்களே, அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்திய செயலாளர் அவர்களுக்கு என் தனி நன்றி.

வெள்ளம் வருமுன் அணை போடு என்பார்கள் நம் பெரியவர்கள். வேல்ஸ் நாட்டு அபெர்வான் கிராமத்தைப் பற்றி இன்று மூன்று செய்திகள் சொல்ல வேண்டும்: நிலக்கரி, நீர், நிவாரணம்.

வெல்ஷ் மொழியில் ‘அபெர்’ என்றால் சிற்றாறு பேராற்றில் விழும் கூடல். ஊர்ப் பெயரிலேயே தண்ணீர். அங்கே டாஃப் ஆற்றங்கரையில் 1869-இல் மெர்த்தர் வேல் சுரங்கம் வெட்டத் தொடங்கினார்கள். கழிவு மலைமேல் ஏறியது. ஏழாவது மேடு 1958-இல் எழுந்தது, வரைபடத்திலேயே குறித்திருந்த ஊற்றின் மேல்! கல்லோடு, கரி கழுவிய மாவு போன்ற சகதியும் விழுந்தது. அடியில் ஊறும் நீருக்குப் போக்கிடம் இல்லையென்றால் துகள்களுக்கு நடுவே நிறையும். பிடிமானம் விட்டால் மேடு குழம்பாக ஓடும். நீர் வடிந்ததும் இறுகிவிடும்.

1966 அக்டோபர் 21, வெள்ளிக்கிழமை. காலை ஏழரை மணி வாக்கில் மேலே போன தொழிலாளர்கள் பார்க்கிறார்கள், உச்சி சுமார் 10 அடி இறங்கியிருக்கிறது. பளுதூக்கியின் தண்டவாளமும் பள்ளத்தில் விழுந்து கிடக்கிறது. மேலே தொலைபேசி இல்லை. ஒருவர் சேதி சொல்ல இறங்கி நடக்கிறார். திரும்புவதற்குள் 20 அடி! மேலே வெயில், கீழே ஊரையே மூடிய பனிமூட்டம். பான்ட்கிளாஸ் பள்ளிப் பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்த நேரம். அன்று மதியத்தோடு விடுமுறை. ஒன்பதேகால் மணிக்கு மேடு வந்துவிட்டது. 116 குழந்தைகள், 28 பெரியவர்கள்.

தெரியாமல் நடந்ததா? பள்ளிக்குப் பின்னால் சகதி கொட்டுவது ஆபத்து என்று 1963-லேயே நகராட்சிப் பொறியாளர் கடிதம் எழுதியிருந்தார். வெள்ளம் வருமுன் அணை போடு! கடிதம் கோப்பில் உறங்கியது. மிஞ்சிய மேடுகளை அகற்ற, மக்கள் கொடுத்த நிவாரண நிதியிலிருந்தே 1,50,000 பவுண்டு எடுத்தார்கள். திரும்பி வந்தது 1997-இல், வட்டியில்லாமல்.

ஆகவே என் கோரிக்கை: கழிவு மேட்டின் ஆய்வுப் பதிவேட்டை அடிவாரத்து மக்கள் கண்ணில் படும்படி வையுங்கள். வேல்ஸில் கைவிடப்பட்ட மேடுகள் மட்டும் 2,000-க்கு மேல். மேட்டுக்கு மேல்புறம் மழைநீரைத் திருப்பும் கால்வாய் வெட்டுங்கள். அடியில் கல் பரப்பி வடிகால் விடுங்கள். கனமழை விட்ட மறுநாளே வடிகால் வாயைப் பாருங்கள். நீர் கலங்கி வந்தால் உள்ளே மண் அரிக்கிறது. வரும் நீர் திடீரென நின்றால் உள்ளே தேங்குகிறது. அடிவாரம் புடைத்து, உச்சி குழிந்தால் ஆய்வாளருக்குக் காத்திராமல் முதலில் பள்ளிக்கூடத்தைக் காலி செய்யுங்கள்.