கெதார்: ஒரு ஸ்பானிஷ் வினையைத் தமிழ் வழியாப் பிடிப்போம்

[திரை: மாட்ரிட், ஞாயித்துக்கிழமை காலை. எல் ராஸ்த்ரோ சந்தை. கம்பியில தொங்குற தோல் ஜாக்கெட்டுகள்.]

மாட்ரிட்ல ஞாயித்துக்கிழமையானா எல் ராஸ்த்ரோன்னு ஒரு சந்தை கூடும். பழைய துணி, பழைய சாமான், எல்லாம் கிடைக்கிற தெருச் சந்தை. அங்க ஒருத்தர் தோல் ஜாக்கெட் ஒண்ணைப் போட்டுப் பார்க்கிறார்னு வச்சுக்குவோம். தோள் ரெண்டும் தொங்குது, கை நீண்டு விரலை மூடுது. கடைக்காரம்மாகிட்ட கேட்கிறார்:

"லே கேதா உனா மாஸ் பெக்கேஞா?" இதைவிடச் சின்னது மீதி இருக்கா?

"மே கேதா உனா." ஒண்ணு இருக்கு.

அதை வாங்கிப் போட்டுப் பார்க்கிறார். "மே கேதா பியென்." எனக்குச் சரியா இருக்கு.

"மே லா கேதோ." இதையே எடுத்துக்கிறேன்.

நாலு வாக்கியம், நாலுலயும் ஒரே வினைச்சொல்: கெதார். ஆங்கில வழியா ஸ்பானிஷ் படிக்கிறவங்களுக்கு இது பெரிய தலைவலி. ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லை மனப்பாடம் பண்ணணும். நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். தமிழ் பேசுறவங்களுக்கு அந்தச் சுத்துவழி தேவையே இல்லைன்னு பிறகுதான் புரிஞ்சது.

முதல்ல உச்சரிப்பு. நடுவுல வர்ற எழுத்து, நாம "அது", "இது"ன்னு சொல்றப்ப வர்ற அதே மென்மையான த. ஆங்கிலம் பேசுறவங்க அங்க அழுத்தமா ட போட்டுடுவாங்க. நமக்கு அது நாக்குலயே இருக்கு.

[திரை: ஒரு பர்ஸ். உள்ள பத்து யூரோ நோட்டு ஒண்ணு மட்டும்.]

இப்ப வேர். லத்தீன்ல குயேத்தாரேன்னு ஒரு சொல். அமைதிப்படுத்து, ஓய வைன்னு பொருள். அதுலேருந்துதான் கெதார் வந்தது. ஆக, ஒரு அசைவு ஓய்ஞ்ச பிறகு என்ன மிஞ்சுது, எந்த நிலையில நிக்குது, அதைச் சொல்ற வினை இது. செலவெல்லாம் ஓய்ஞ்ச பிறகு பர்ஸ்ல என்ன இருக்கு? "மே கேதான் தியெஸ் எவ்ரோஸ்." எனக்குப் பத்து யூரோ மீதி இருக்கு.

அந்த "மே"யைக் கவனிங்க. அது "நான்" இல்லை, "எனக்கு". நான் பத்து யூரோ வச்சிருக்கேன்னு வாக்கியம் போகலை, எனக்கு மீதி இருக்குன்னு போகுது. நம்ம நான்காம் வேற்றுமை அப்படியே உட்கார்ந்திருக்கு. "எனக்குப் பிடிக்கும்", "எனக்கு வலிக்குது" மாதிரி சின்ன வயசுலேருந்து பேசுற அமைப்புதான்.

ஒரே ஒரு இடத்துல நாம வழுக்குவோம். பேச்சுத் தமிழ்ல ஒரு ரூபாய்னாலும் "இருக்கு", பத்து ரூபாய்னாலும் "இருக்கு". ஸ்பானிஷ்ல அப்படி விட முடியாது. ஒண்ணுன்னா கேதா, பலதுன்னா கேதான். அந்தக் கடைசி ன் விட்டுப்போற தப்பு நமக்கு ரொம்பச் சுலபமா வரும்.

துணிக்கும் இதே "எனக்கு"தான். "தே கேதா கிராந்தே", உனக்குப் பெரிசா இருக்கு. போட்டு, இழுத்துவிட்டு, கண்ணாடி முன்னாடி நின்ன பிறகு எப்படி அமையுது? அதுதான் கேள்வி.

சரி, கடைசியா அவர் சொன்ன "மே லா கேதோ"? கேதாவா இருந்தது கேதோ ஆயிடுச்சு. இந்த ஓ, ஆ வித்தியாசம் ரொம்ப முக்கியம். "மே கேதா"ன்னா எனக்கு இருக்கு, அல்லது எனக்கு அமையுது. "மே கேதோ"ன்னா நான் இருந்துக்கிறேன், நான் வச்சுக்கிறேன். அந்த "க்கிறேன்" எங்கேருந்து வருது பாருங்க. எடுத்துக்கொள், வச்சுக்கொள், இருந்துகொள். தமிழ்ல "கொள்" செய்ற வேலையை இங்க இந்த "மே" செய்யுது. "மே கேதோ என் காஸா", நான் வீட்டுலயே இருந்துக்கிறேன்.

[திரை: போன்ல ஒரு குறுஞ்செய்தி. "ஓய் நோ புவேதோ, ஏ கெதாதோ."]

இந்தச் செய்தியில நான் ஒருநாள் நல்லா மாட்டிக்கிட்டேன். ஸ்பெயின்ல இருக்கிற நண்பர் அனுப்பினது. "இன்னைக்கு முடியாது, நான் தங்கிட்டேன்"னு படிச்சு, எங்க தங்கினார்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேன். அவர் சொன்னது, "இன்னைக்கு முடியாது, வேற ஒருத்தரைப் பார்க்கிறதா ஏற்கெனவே பேசி வச்சாச்சு." ஸ்பெயின்ல சந்திக்க நேரம் குறிக்கிறதுக்கு இந்த வினைதான் வரும். "கெதாமோஸ் ஆ லாஸ் ஓச்சோ?" எட்டு மணிக்குப் பார்ப்போமா? அங்கயா இங்கயா, ஏழா எட்டான்னு பேச்சு அலைஞ்சு கடைசியில ஒரு இடத்துல நிக்குதில்லையா, அந்த நிக்கிறதுதான் கெதார். பேசிப் பேசி முடிவே வரலைன்னா எரிச்சலோட ஒரு கேள்வி வரும்: "என் கே கெதாமோஸ்?" கடைசியா என்னதான் முடிவு?

ஊர் கேட்கிறதுக்கும் இது உதவும். "தோந்தே கேதா லா எஸ்தாசியோன்?" ஸ்டேஷன் எங்க இருக்கு? லத்தீன் அமெரிக்காவுல இதை நிறையவே கேட்கலாம். ஆனா நகராத பொருளுக்குத்தான். தொலைஞ்ச போனைத் தேடுறப்பயும், ஆளைத் தேடுறப்பயும் எஸ்தார்னு "இரு"ங்கிறதுக்கான வேற வினை வரணும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அடுத்தது. ஒண்ணு நடந்து முடிஞ்ச பிறகு மனுஷன் எந்த நிலையில ஆயிடுறான்? "மே கெதே தோர்மீதோ", தூங்கிப்போயிட்டேன். "மே கெதே சின் திராபாஹோ", வேலை இல்லாமப் போயிட்டேன். தமிழ்ல "போ" எப்படி வந்து ஒட்டுதோ, அப்படி ஒட்டுது. "செ கெதோ மிராந்தோ", பார்த்தபடியே நின்னுட்டார். ஒரு சேதி கேட்டு அதிர்ந்து போனா "மே கெதே தே பியேத்ரா"ம்பாங்க. பியேத்ரான்னா கல். கல்லாய்ச் சமைஞ்சு நின்னேன்! ரெண்டு மொழியும் ஒண்ணையொண்ணு பார்க்காமலே ஒரே கல்லுல வந்து நிக்குது. இதை முதல்ல கேட்டப்ப எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்தது.

அழுத்தம் மாறினா ஆளே மாறிடும், ஜாக்கிரதை. முன்னாடி அழுத்தி "மே கேதோ"ன்னா நான் இருந்துக்கிறேன். பின்னாடி அழுத்தி "செ கெதோ"ன்னா அவர் இருந்துட்டார்.

[திரை: கால்பந்து ஸ்கோர் பலகை. 3–3.]

விளையாட்டுலயும் இதே கணக்குத்தான், ஓட்டம் ஓய்ஞ்ச பிறகு என்ன நிலை. 2022 டிசம்பர் 18, கத்தார்ல உலகக் கோப்பை இறுதிப் போட்டி. கூடுதல் நேரமும் முடிஞ்சப்ப அர்ஜென்டினாவும் பிரான்ஸும் "கெதாரோன் திரேஸ் ஆ திரேஸ்", மூணுக்கு மூணுல நின்னாங்க. பெனால்டியில 4–2. "அர்ஜென்டினா கெதோ காம்பெயோனா." சாம்பியன் ஆச்சு.

"கெதார் பியென் கோன்" அப்படின்னு ஒருத்தரைச் சேர்த்துச் சொன்னா, அவர்கிட்ட நல்ல பேர் வாங்குறது. பியெனுக்குப் பதிலா மால் போட்டா பேர் கெடுறது. மாமனார் வீட்டுக்கு முதல்முறை போற மாப்பிள்ளைக்குத் தேவைப்படுற ரெண்டு சொல்.

[திரை: 2020. மாட்ரிட், கிரான் வியா சாலை. ஆள் நடமாட்டம் இல்லை.]

ஸ்பானிஷ் பேசுற நாடுகள் பலதுலயும் இந்த வினை ஒரே நேரத்துல எல்லார் வாய்லயும் வந்த வருஷம் 2020. மார்ச் 14 அன்னைக்கு ஸ்பெயின் அரசு அவசரநிலை அறிவிச்சது. சுவரொட்டியிலயும் டிவியிலயும் போன்லயும் ஒரே வாசகம்: "கேதாத்தே என் காஸா." வீட்டுலயே இரு. அக்டோபர் கடைசியில ராத்திரி ஊரடங்கும் வந்தது. ஊரடங்குக்கு ஸ்பானிஷ்ல "தோக்கே தே கேதா". தோக்கேன்னா இங்க மணியடிப்பு. ராத்திரி ஆச்சு, தெருவை விட்டு வீட்டுக்குள்ள அடங்குங்கன்னு அந்தக் காலத்துல அடிச்ச மணி. அந்தக் கேதாவுலயும், லத்தீன்ல இருந்த அந்த அமைதிதான் இருக்கு. நாமும் அதை "ஊர் அடங்கு"ன்னுதான் சொல்றோம்.