நாலு மணி இனிப்பு

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

உணவு ஆலோசனைக்காக என்னிடம் வருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "காலையிலிருந்து கட்டுப்பாடாகத்தான் இருக்கிறேன், சாயங்காலம் நாலு மணி ஆனால் கை தானாக இனிப்பைத் தேடுகிறது. எனக்கு மனஉறுதி போதவில்லையா?" என்பார்கள். இந்தக் கேள்வியோடு சேர்ந்து வரும் குற்றவுணர்வை முதலில் இறக்கி வைத்துவிட வேண்டும். அந்த நேரத்து ஏக்கம் பெரும்பாலும் அன்று காலையும் மதியமும் நாம் சாப்பிட்ட விதத்திலேயே உருவாகிவிடுகிறது. ஆகவே நாலு மணிக்கு அதோடு மல்லுக்கட்டுவதைக் காட்டிலும், எட்டு மணிக்கும் ஒரு மணிக்கும் தட்டில் என்ன இருந்தது என்று பார்ப்பதுதான் பலன் தரும்.

நாலைந்து இட்லியைத் தண்ணீர்ச் சட்னியோடு சாப்பிட்டுவிட்டு வேலைக்குக் கிளம்புகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அதில் மாவுச்சத்து நிறைய இருக்கிறது, புரதம் குறைவு, நார்ச்சத்தும் குறைவு. ரத்தச் சர்க்கரை வேகமாக ஏறுகிறது. அதைக் கட்டுக்குள் கொண்டுவர இன்சுலின் சுரக்கிறது. சிலருக்கு இரண்டு மூன்று மணி நேரத்தில் அந்த அளவு, சாப்பிடுவதற்கு முன்பு இருந்ததைவிடக் கீழே சரிந்துவிடுகிறது. லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், இப்படி அதிகமாகச் சரிவு கண்டவர்களுக்கு மற்றவர்களைவிடச் சீக்கிரமே பசி எடுத்தது என்றும், அன்றைக்கு அவர்கள் கூடுதலாகச் சாப்பிட்டார்கள் என்றும் தெரிய வந்தது. பதினோரு மணிக்கு பிஸ்கட்டும், நாலு மணிக்குத் தேங்காய் பன்னும் கண்ணில் படுவது வெறும் நாக்கின் ஆசை மட்டும் இல்லை என்பதற்கு இது ஒரு விளக்கம்.

இதற்காக இட்லியை விட்டுவிடச் சொல்ல மாட்டேன். ஒன்றிரண்டு இட்லியைக் குறைத்துக்கொண்டு, பருப்பு கெட்டியாக இருக்கும் சாம்பாரை நிறைய ஊற்றிக்கொண்டு, கூடவே ஒரு அவித்த முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ சேர்த்துக்கொண்டால் போதும். வாரத்தில் இரண்டு நாள் அடையோ பச்சைப்பயறு தோசையோ வார்த்தால் இன்னும் நல்லது. மதியம், சோற்றைக் குவித்து அதன் ஓரத்தில் பொரியலைத் தொட்டுக்கொள்ளும் வழக்கத்தைச் சற்றே மாற்றி, பொரியலையும் கூட்டையும் மீனையோ பருப்பையோ முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வரலாம். காய்கறியையும் புரதத்தையும் முதலிலும் மாவுச்சத்தைக் கடைசியிலும் சாப்பிட்டபோது சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை குறைவாகவே ஏறியது என்று 2015-இல் நியூயார்க்கில் நீரிழிவாளர்களிடம் நடந்த ஒரு சிறிய ஆய்வு காட்டியது. செலவில்லாத மாற்றம் இது.

தூக்கத்தையும் இங்கே சேர்த்தே பேச வேண்டும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 2004-இல் நடந்த ஆய்வில், ஆரோக்கியமான இளைஞர்களை இரண்டு இரவு நாலு மணி நேரம் மட்டுமே தூங்க வைத்தபோது, வயிறு நிறைந்ததை உணர்த்தும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைந்தது, பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடியது. இனிப்பு, உப்புத் தீனி, மாவுப் பண்டம் ஆகியவற்றின் மீதுதான் அவர்களுக்கு நாட்டமும் அதிகமாயிற்று. இரவு வேலைக்குப் போகிறவர்களும் கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்களும் தங்கள் இனிப்பு ஆசையைப் பற்றி வருந்தும்போது, அவர்களிடம் நான் முதலில் கேட்பது தூக்கத்தைப் பற்றித்தான்.

இனி, நம் வீடுகளில் சர்க்கரை உண்மையில் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். பலரும் லட்டு, ஜாங்கிரியைத்தான் நினைக்கிறார்கள். ஆனால் அவை என்றைக்கோ வருபவை. டீயும் காபியும் தினம் வருபவை. டீக்கடையில் மாஸ்டர் கிளாஸில் சர்க்கரை போடுவதை அருகில் நின்று பார்த்தால், அந்தக் கரண்டி தலைதட்டாமல் குவியலாகவே உள்ளே போவது தெரியும். ஒரு கிளாஸுக்கு இரண்டு தேக்கரண்டி, அதாவது ஏறத்தாழ 10 கிராம் என்று கொண்டாலும், நாளைக்கு நாலு டீ குடிப்பவர் 40 கிராம் சர்க்கரையை டீயிலேயே சாப்பிட்டுவிடுகிறார். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வகுத்த வரம்பின்படி, 2,000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு நாள் முழுவதற்கும் சேர்த்து அதிகபட்சம் 50 கிராம். அதை 25 கிராமுக்குள் வைத்துக்கொண்டால் மேலும் நல்லது. தேனும் பழச்சாற்றில் உள்ள சர்க்கரையும்கூட இந்தக் கணக்கில் சேரும், முழுப்பழம் சேராது.

டீயில் சர்க்கரையை ஒரேயடியாக நிறுத்துகிறவர்களில் பலர் சில நாட்களில் பழையபடி திரும்பிவிடுகிறார்கள். இரண்டு கரண்டியை ஒன்றரையாக்கி, நாக்கு அதற்குப் பழகியபின் ஒன்றாக்கி, பிறகு அரையாக்கி இறங்கி வருவதே நிலைக்கிறது. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் உள்ள மோனெல் ஆய்வு மையம் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், சில மாதங்கள் சர்க்கரையைக் குறைத்துச் சாப்பிட்டவர்களுக்கு அதே இனிப்புப் பண்டம் முன்பைவிட அதிகமாக இனித்தது. நாக்கு மாறும் என்று நான் சொல்வதை நம்பாதவர்களுக்கு இதைத்தான் எடுத்துச் சொல்கிறேன்.

நாட்டுச்சர்க்கரைக்கும் கருப்பட்டிக்கும் மாறிவிட்டோம், இனிக் கவலையில்லை என்று சொல்பவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். அவற்றில் தாது உப்புகள் சிறிதளவு உண்டு, மணமும் தனி, மறுக்கவில்லை. ஆனால் அவற்றின் பெரும்பகுதி வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். கருப்பட்டிக் காபியை நம்பிக்கையோடு மூன்று வேளை குடித்துவிட்டு, பரிசோதனை முடிவைக் கண்டு கலங்கி உட்காரும் முதியவர்களைப் பார்க்கும்போது மனம் வேதனைப்படுகிறது.

குழந்தைகள் விஷயத்தில் நாம் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பிரிட்டனில் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தொடங்கிய சர்க்கரைப் பங்கீடு, அதாவது ஆளுக்கு இவ்வளவுதான் என்று அளந்து கொடுக்கும் முறை, 1953 செப்டம்பரில்தான் முடிவுக்கு வந்தது. கருவிலும், பிறந்தபின் முதல் இரண்டு ஆண்டுகளிலும் அந்தப் பங்கீட்டுக் காலத்தில் இருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் அபாயம் சுமார் 35 சதவீதம் குறைவாக இருந்ததாக 2024-இல் ஓர் ஆய்வு கண்டறிந்தது. பிள்ளை பால் குடிக்க வேண்டுமே என்று நாம் கலக்கும் பல சத்துமாவுப் பொடிகளின் டப்பாவைத் திருப்பி, அதில் சேர்த்த சர்க்கரை 100 கிராமுக்கு எவ்வளவு என்று அச்சிட்டிருப்பதைத் தயவுசெய்து படித்துப் பாருங்கள். சர்க்கரையைப் போலவே ரத்தச் சர்க்கரையை ஏற்றும் மால்ட் சாறு, திரவ குளுக்கோஸ், மால்டோடெக்ஸ்ட்ரின் ஆகியவற்றின் பெயர்கள் சேர்மானப் பட்டியலின் தொடக்கத்தில் இருந்தால் கவனியுங்கள். எது அதிகமோ அதுதான் அந்தப் பட்டியலில் முதலில் வரும்.

இவ்வளவு செய்தும் ஏக்கம் வரும் நாள் வரத்தான் செய்யும். அப்போது வெறும் வயிற்றில் இனிப்பைத் தொடாமல், கைவசம் இருக்கும் வேர்க்கடலையோ பொட்டுக்கடலையோ ஒரு பிடி சாப்பிட்டு, மோர் குடித்து, கால்மணி நேரம் வேறு வேலை பாருங்கள். பெரும்பாலும் அந்த வேகம் தணிந்துவிடும். தணியவில்லை என்றால், சாப்பாட்டுக்குப் பின் ஒரு சிறு துண்டை உட்கார்ந்து ருசித்துச் சாப்பிடுங்கள். அதற்காக மறுநாள் பட்டினி கிடக்க வேண்டாம்.

ஓர் எச்சரிக்கையையும் சொல்லிவிடுகிறேன். இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும், கிளிமெபிரைடு போன்ற நீரிழிவு மாத்திரை சாப்பிடுபவர்களும் இந்த மாற்றங்களைச் செய்யும் முன் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். உணவு குறையும்போது மருந்தின் அளவும் குறைய வேண்டியிருக்கலாம். திடீரென வியர்த்து, கை நடுங்கி, படபடப்பு வந்தால் அது வெறும் ஆசை என்று அடக்கிக்கொண்டு இருந்துவிடாதீர்கள். மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடித்து, கால்மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரையைச் சோதியுங்கள். அப்போதும் குறைவாகவே இருந்தால் அதே அளவு மறுபடியும் குடித்துவிட்டு மருத்துவரை அழையுங்கள்.

நன்றி, வணக்கம்.